மின்கருவியும் எமது கைகளும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய கரையோர ஊர்களின் ஒழுங்கைகளில் காலை எட்டு மணிக்கு நடந்தால் கிறைண்டர் சத்தம் கேட்காத நாள் குறைவு. வீட்டு விறாந்தையில் ஒருவர் யன்னல் கம்பி வெட்டுகிறார். அடுத்த வளவில் ஒருவர் கதவுக்குப் பலகை சீவுகிறார். இவர்களிற் பலர் பரம்பரைத் தச்சரோ கொல்லரோ அல்லர். நேற்றுவரை வட்டையில் வேளாண்மை செய்தவர்கள். 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய வன்செயல்களால் காணிக்குப் போகமுடியாமற் போனவர்கள் இவர்களில் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வீடும் விதைநெல்லும் இழந்தவர்களும் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அந்த ஒரு நாள் கொண்டுபோனது. அதன்பின் மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம், கல்முனை கிறீன்பீல்ட், சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம் போன்ற புதிய குடியிருப்புகளில் பலர் வாழத் தொடங்கினர். வீடு கட்டும் வேலை பெருகியது. மண்வெட்டி பிடித்த கை கிறைண்டர் பிடித்தது.

அந்த ஆண்டுகளில் எம்போன்ற அமைப்புகள் வாழ்வாதார உதவி என்று மின்கருவிகளை வழங்கின. நாமும் வழங்கினோம். இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கருவி கொடுத்தோம், கண்ணாடி கொடுக்கவில்லை. எப்படி வெட்டுவது என்று ஒரு நாள் காட்டிக் கொடுத்தோம். எப்படி வெட்டுப்படாமல் இருப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. இடது கையில் இரண்டு விரல்களை இழந்த ஒரு பழைய விவசாயியை வைத்தியசாலையிற் பார்க்கச் சென்றபோது அவர் எம்மிடம் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "எருமைக்குப் பின்னால நிக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியும் ஃபாதர். இந்த மெசினுக்கு எந்தப் பக்கம் நிக்கக் கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்ல."

அன்று சொல்லாமல் விட்டதை இக்கட்டுரையிற் சொல்ல முயல்கிறோம்.

மாடும் மெசினும்

ஒரு விவசாயிக்கு ஆபத்து புதிதல்ல. யானைக்காவலுக்குப் பரணில் இருந்தவர், சூடடிக்கும் மெசினுக்குக் கதிர் தள்ளியவர், வெள்ளத்தில் வரம்பு கட்டியவர் பயந்தவராக இருக்கமுடியாது. ஆனால் வயலின் ஆபத்துகள் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். காளை முட்டுமுன் தலையைத் தாழ்த்தும். யானை வருமுன் கிளை முறியும். மழை வருமுன் மேகம் கறுக்கும்.

மின்கருவி அப்படி எதையும் காட்டாது. நூறு நாள் ஒழுங்காக வேலை செய்யும். நூற்றோராம் நாள் ஒரு நொடியிற் கையை இழுத்துவிடும். அந்த நொடியிற் கையை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண். மனிதனின் கை அசையத் தொடங்குமுன் டிஸ்க் பல தடவைகள் சுற்றி முடித்திருக்கும். ஆகவே மெசின் தராத எச்சரிக்கையை நாமே முன்கூட்டி ஏற்பாடு செய்யவேண்டும். பாதுகாப்பு என்பது இவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முதலான விதி ஒன்று உண்டு. வேறெதையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்: கருவியின் வெட்டும் பகுதியில் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். டிஸ்க் மாற்றுவதானாலும், சிக்கிய சீவலை எடுப்பதானாலும், தூசி தட்டுவதானாலும் இதுவே விதி. சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

2022ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். வேலையின் நடுவே கறண்ட் நின்றால் பலர் கருவியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். சுவிச் பூட்டிய நிலையிலேயே இருக்கும். கறண்ட் திரும்பியதும் ஆளில்லாத கிறைண்டர் தானாகச் சுழன்று மேசையிலிருந்து குதிக்கும். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கறண்ட் நின்றவுடன் முதலிற் செய்யவேண்டியது சுவிச்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுவது. தேநீர் அதன் பிறகுதான்.

மின்சாரம்: கண்ணுக்குத் தெரியாத வெள்ளம்

எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். பழைய 60 வாற் குமிழ் ஒன்று எரிவதற்கு ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் மின்னோட்டம் தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு எமது உடலூடாகச் சென்றாலே, பிடித்ததை விடமுடியாதபடி கை இறுகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு சென்றால் இதயத்தின் துடிப்பே குழம்பலாம்.

வீட்டின் மின் பலகையில் இருக்கும் 'றிப் சுவிச்' இதற்காகத்தான் உள்ளது. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் வேறு வழியாக, அதாவது ஒருவரின் உடலூடாக நிலத்துக்குக் கசிந்தால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அது விழுந்துவிடும். பியூஸ் இந்த வேலையைச் செய்யாது. பியூஸ் வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. றிப் சுவிச்சில் 'ரெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் எலக்ரீசியனை அழையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு அதைத் தவிர்த்து வயர் இழுப்பவர்கள் உண்டு. குரைக்கிறதென்று காவல்நாயை அவிழ்த்துவிடுவது போன்றது அது. எங்கோ கசிவு இருப்பதாலேயே அது விழுகிறது. ஆனாலும் இரண்டு வயர்களையும் ஒன்றாகத் தொட்டவரை இந்தச் சுவிச்சாலும் காப்பாற்றமுடியாது என்பதை மறக்கவேண்டாம்.

கரையோர மக்களுக்கு வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. முதலாவது உப்புக் காற்று. பிளக்கின் முட்களிலும் சுவிச்சினுள்ளும் களிம்பும் துருவும் பிடிக்கும், பிடிமானம் தளரும், சூடேறும். பிளக் கறுத்திருந்தாலோ கை சுடும் அளவுக்குச் சூடானாலோ அதை மாற்றவேண்டும். இரண்டாவது மணல் நிலம். எர்த் கம்பி காய்ந்த மணலில் நின்றால் மின்சாரம் நிலத்துக்கு இலகுவாக இறங்காது. வெயில் காலத்தில் எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கை பொய்த்துப்போகலாம். வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் எர்த்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

மேலும் சில நடைமுறைகள்:

1. இரண்டு முள் பிளக்கைச் சதுர முள் பொயின்ற்றில் செருகுவதற்குப் பேனை மூடியையோ தீக்குச்சியையோ எர்த் துளையிற் குத்தும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். நாட்டின் தரமாக ஏற்கப்பட்டிருப்பது 13 அம்பியர் சதுர முள் பிளக். கருவிக்கு அதையே பொருத்துங்கள்.

2. கருவியின் உடலில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்புள்ள கருவி. அதற்கு எர்த் வயர் தேவையில்லை. ஆனால் நனைந்துவிட்டால் அதுவும் ஆபத்தானதே. மாரி மழையில் நனைந்த விறாந்தையிலும் ஈர மணலிலும் வெறுங்காலோடு நின்று எந்த மின்கருவியையும் தொடவேண்டாம்.

3. நீண்ட வயரைச் சுருளாக வைத்துக்கொண்டு வேலை செய்தால் அது சூடேறி உருகும். முழுவதும் அவிழ்த்து நீட்டுங்கள். வெட்டுப்பட்ட வயரை ரேப் சுற்றிப் பாவிக்காமல் அந்தத் துண்டை நீக்கி ஒழுங்காக இணைப்பியுங்கள்.

கிறைண்டர்

எமது ஊர்களில் அதிகம் பாவிக்கப்படுவதும், அதிகம் குறைத்து மதிக்கப்படுவதும் இந்த நாலு அங்குலக் கிறைண்டர்தான். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவைகள் சுற்றும். கணக்குப் பார்த்தால் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. உடைந்தால் அதன் துண்டுகளும் அதே வேகத்திற்றான் பறக்கும்.

இதனால்தான் டிஸ்க்கைச் சுற்றி ஒரு காப்பு மூடி வைத்திருக்கிறார்கள். "மூடி இருந்தால் மூலைக்குள் போகாது, பெரிய டிஸ்க் போடமுடியாது" என்று முதல் நாளே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். நாம் மேலே சொன்ன விவசாயியின் கிறைண்டரிலும் மூடி இருக்கவில்லை.

ஏழு அங்குல டிஸ்க்கை நாலு அங்குல மெசினிற் போடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது தாங்கக்கூடிய அதிகூடிய சுற்று வேகம் அச்சிடப்பட்டிருக்கும். ஏழு அங்குல டிஸ்க் ஒன்றில் வழக்கமாக 8,500 என்றிருக்கும். அதை 11,000 சுற்றும் மெசினிற் போட்டால் அது தாங்காமல் வெடிக்கும். டிஸ்க்கின் எண் எப்போதும் மெசினின் எண்ணைவிடக் கூடியதாக இருக்கவேண்டும். வெட்டும் டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருந்தால் அது காலாவதித் திகதி. அதனைத் தாண்டியதையும், கீழே விழுந்ததையும், ஈரம் பட்டதையும் பாவிக்கவேண்டாம்.

இன்னொரு பெரிய தவறு, மரம் அறுக்கும் பல்லுள்ள வாள் தட்டைக் கிறைண்டரிற் பூட்டுவது. பல் மரத்திற் கொத்தியவுடன் மெசின் கையை உதறிக்கொண்டு நெஞ்சையோ தொடையையோ நோக்கித் திரும்பும். கழுத்திலும் தொடையிலும் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கிறைண்டர் இரும்புக்கும் கல்லுக்கும் உரியது. மரத்துக்கு வேறு வாள் உண்டு.

எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு விடை இதுதான்: டிஸ்க் சுற்றும் கோட்டுக்கு நேரே முன்னாலும் நிற்கவேண்டாம், பின்னாலும் நிற்கவேண்டாம், ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். காப்பு மூடி டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கட்டும். பக்கக் கைபிடியைப் பூட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். வெட்டும் பொருளைக் காலால் மிதித்துப் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்குங்கள். வெட்ட வெட்டத் துண்டு கீழே விரிந்து விழும்படி வைத்தால் டிஸ்க் நெரிபடாது. சுவிச்சை நிறுத்தியபின்னும் டிஸ்க் சில நொடிகள் சுற்றும். முற்றாக நின்றபின் கீழே வையுங்கள்.

டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய் இருந்த பரல்களைக் கிறைண்டரால் வெட்டவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டியாக்குவதற்காக வெற்றுப் பரலை வெட்டுவது இக்கரையில் வழக்கம். வெறுமையான பரல் நிறைந்த பரலைவிட ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்திருக்கும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

வாள், சீவுளி, டிறில்

கையிற் பிடிக்கும் மின் வட்டவாளைத் தலைகீழாக்கி மேசைக்கடியிற் பூட்டி, மேசைவாளாகப் பாவிப்பதைப் பல வீடுகளிற் கண்டிருக்கிறோம். அப்படிச் செய்யும்போது வாளின் காப்பு மூடியைக் கம்பியாற் கட்டிவைக்க வேண்டிவரும். வாள் அம்மணமாக நிற்கும். எல்லா வசதிகளும் உள்ள அமெரிக்காவிலேயே மேசைவாளாற் காயப்பட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் அவசர சிகிச்சைக்குச் செல்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் விரலையோ கையையோ இழக்கின்றனர். மேசைவாள் அவசியமென்றால் காப்புகளோடு செய்யப்பட்ட ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். பலகையின் கடைசி ஓரடியைக் கையாற் தள்ளாமல் ஒரு தள்ளுகட்டையாற் தள்ளுங்கள். கட்டை வெட்டுப்பட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

கைவட்டவாளில் வாளின் ஆழத்தைப் பலகையின் தடிப்பைவிடச் சற்றே கூட வையுங்கள். கால் அங்குலம் போதும். பழைய வீடுகளிற் கழற்றிய மரமானால் ஆணி இருக்கிறதா என்று முதலிற் தடவிப் பாருங்கள். மின் சீவுளியிற் சீவல் அடைத்தால் விரலை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். டிறில் மெசினில் சிறு துண்டைக் கையிற் பிடித்துத் துளையிட்டால் துண்டு காற்றாடியாகச் சுழன்று கையைக் கிழிக்கும். அதையும் கிளாம்பில் இறுக்குங்கள். டிறிலுக்குத் துணிக் கையுறை போடவேண்டாம். சுழலும் முனை நூலைப் பிடித்துக்கொண்டு விரலையும் இழுக்கும்.

உடுப்பிலும் இதே கவனம் வேண்டும். தொங்கும் சாறம், அகன்ற சேர்ட் கை, பின்னாத தலைமுடி, நீண்ட தாடி, முக்காட்டின் தொங்கும் முனை யாவும் சுழலும் பொருளுக்கு இரையாகும். உடையை விடச் சொல்லவில்லை. இறுக்கிச் செருகிக்கொள்ளச் சொல்கிறோம். பாட்டாச் செருப்புக்குப் பதிலாகக் காலை மூடும் சப்பாத்து வேண்டும். பக்கங்களும் மூடிய காப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி காப்புக் கண்ணாடியாகாது.

தூசியும் சத்தமும்

வெட்டுக்காயம் உடனே தெரியும். தூசி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே கணக்குத் தீர்க்கும். எமது வீடுகளின் கூரைகளில் அஸ்பெஸ்டஸ் சீற் நிறைய உண்டு. அதைக் கிறைண்டரால் வெட்டும்போது எழும் வெள்ளைத் தூசி நுரையீரலிற் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை ஏற்படுத்தும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆகவே அந்தச் சீற்றைக் கிறைண்டரால் வெட்டவேண்டாம். தவிர்க்கமுடியாவிட்டால் நனைத்து, வெளியில் வைத்து, கைவாளால் மெதுவாக அறுங்கள். காய்ந்த தூசியைத் தும்புத்தடியாற் கூட்டாமல் ஈரத்துணியாற் துடைத்தெடுங்கள். அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்கவேண்டாம்.

மரத்தூசியும் மூக்கிற் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் அறிவித்தது. ஓடு, சீமெந்து வெட்டும் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். துணிக்கட்டு மெல்லிய தூசியைத் தடுக்காது. கொரோனாக் காலத்தில் நாம் அறிந்துகொண்ட என்95 முகக்கவசம் தடுக்கும்.

சத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கிறைண்டர் 100 டெசிபல் அளவுக்குச் சத்தமிடும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 15 நிமிடமே அளவு. பஞ்சு போதாது. காதுக்கான நுரை அடைப்பானை வாங்குங்கள். விலை பெரிதல்ல.

நேரமும் பிள்ளைகளும்

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். ஜும்ஆவுக்கு முன் முடிக்கவேண்டும், பெருநாளைக்கு முன் கதவைக் கொடுக்கவேண்டும், இருட்டுமுன் இன்னும் இரண்டு கம்பி வெட்டவேண்டும் என்ற அவசரத்தில் கை தவறும். நோன்பு காலத்தில் வெட்டும் வேலைகளைக் காலையில் முடித்து, பொலிஷ் பூசுவது, அளப்பது போன்ற வேலைகளைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். தூக்கம் தரும் மாத்திரை எடுத்தவரும் மது அருந்தியவரும் அன்று கருவியைத் தொடவேண்டாம்.

பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடத்தில் பிள்ளைகளை விரட்டுவது மட்டும் போதாது. நிலத்தில் ஒரு கோடு போடுங்கள், அல்லது ஒரு கயிறு கட்டுங்கள். "வாப்பா மெசின் பிடித்திருந்தால் கயிற்றைத் தாண்டக்கூடாது, கூப்பிடவேண்டுமென்றால் முன்பக்கமாக வந்து கை காட்டு" என்று பழக்குங்கள். பின்னாலிருந்து தொட்டுக் கூப்பிட்ட பிள்ளையாலும் விபத்து வரும்.

விபத்து நடந்துவிட்டால்

மின்சாரம் பிடித்தவரைத் தொடவேண்டாம். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ தள்ளிவிடுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவைகள் அழுத்துங்கள். 1990 சுவசெரிய இலவச அம்புலன்சை அழையுங்கள்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் போடவேண்டாம். ஏற்புவலி ஊசி தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

விரல் துண்டானால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியிற் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். மீன் வாடியின் ஐஸில் விரலை நேரடியாகப் புதைத்தால் தசை கருகிப் பொருத்தமுடியாமற் போகும்.

கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் கசக்கவேண்டாம். முலைப்பாலோ எண்ணெயோ விடவேண்டாம். இலேசாக மூடிக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன.

யார் பொறுப்பு?

இயந்திரங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. வேலையிற் காயப்பட்ட தொழிலாளிக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கூறுகிறது. நீங்கள் உதவிக்கு ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் அவனுடைய விரலுக்கு நீங்களே பொறுப்பு என்பதை மறக்கவேண்டாம். ஆனால் தன் விறாந்தையில் தானே வேலை செய்பவர் நட்டஈடு கேட்பதற்கு ஒரு முதலாளி இல்லை. விரல் போனால் போனதுதான்.

நிலமிழந்த விவசாயிக்கு என்றோ ஒருநாள் அந்த நிலம் திரும்பக் கிடைக்கலாம். திரும்பியவர்களும் உண்டு. அந்த நாள் வரும்போது வரம்பு கட்ட இரண்டு கைகளும் வேண்டும்.

குழுவிற் கலந்துரையாட

1. எமது வீட்டுத்திட்டத்தில் எத்தனை கிறைண்டர்களுக்குக் காப்பு மூடி இருக்கிறது? கழற்றியவற்றை இந்த வாரமே திரும்பப் பூட்டமுடியுமா?

2. எத்தனை வீடுகளில் றிப் சுவிச் வேலை செய்கிறது? எல்லோரும் ஒரே நாளிற் சோதித்துப் பார்ப்போமா?

3. காப்புக் கண்ணாடி, காது அடைப்பான், முகக்கவசம் ஆகியவற்றைச் சங்கமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சம்?

4. கருவி உதவி தரும் அமைப்பு அடுத்த முறை வந்தால், "கண்ணாடியும் பயிற்சியும் சேர்த்துத் தாருங்கள்" என்று யார் கேட்பது? அந்தக் கேள்வியை எம்மிடமும் கேளுங்கள்.